தண்ணீர் தெளிக்காத மிளகாய்

மட்டாஞ்சேரி,
ஓணத்துக்கு முந்தின வாரம்.

அன்பு மகள் சங்கரிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மலையாள வழக்கில் "குழப்பமில்லம்மா", ஒரு கவலையுமில்லை என்று ஒரே பதில்தான் வரும், காய்ச்சலடித்தாலும் அதே பதில்தான், அதனால் இப்போதெல்லாம் நீ சொல்வதை விட்டுவிட்டு உன் குரல் எப்படி இருக்கிறது என்று கவனித்து நானே தெரிந்துகொள்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். எங்கள் மில் ரஷீது முதலாளி மகள் அஃப்னா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்ப அங்கே உன் மால்ட்டாவுக்குக் கிளம்புகிறாள். அவள் பெட்டியில் உனக்கு ஒரு பொட்டலமும் ஒரு கவரும் இந்தக் கடிதமும் வருகின்றன. முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் கவரைப் பிரி, பொட்டலத்தைச் சமைக்கும்போது பிரித்தால் போதும். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட நேரமாகும் என்று தெரியும், பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தாய், பலசரக்கு கட்டி வந்த பேப்பரை வைத்து நான் சொல்லித் தந்த தமிழ்தான் உனக்கு, அதனால் எழுத்தைப் பெரிதாக, விட்டு விட்டு எழுதியிருக்கிறேன். புரியாத இடத்தை அஃப்னாவிடம் கேள். அவளைத் தமிழ் படிக்க வைக்க அவள் உம்மா ஜுமைலா போட்ட சத்தம் இந்தத் தெருவுக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில், இதே சம்பளத்துக்கு இதே ராத்திரி வேலையில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று மாசக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாய். வேறொரு இல்லத்தில் பகல் வேலை தரத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் பேப்பரெல்லாம் மாறி வர இரண்டு மூன்று மாசம் ஆகும், அதுவரை சம்பளம் கிடையாது, கையில் ஒன்றுமில்லை, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா அம்மா என்றாய். அந்தப் "பேசாமல்" என்ற வார்த்தைதான் என்னை என்னவோ செய்தது. நம் வீட்டில் யார் பேசாமல் இருந்திருக்கிறோம்? இதற்குப் பதில் சொல்வதென்றால் உன் ஆவுடைச் சித்தி விஷயத்தை முழுக்கச் சொல்லித்தான் சொல்ல முடியும், ஃபோனில் நான் தொடங்கினால் நீ "பஸ் வந்தாச்சும்மா, பிறகு பேசலாம்" என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு பஸ் கிடையாது.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி மழை இந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது, பின்பக்கத்து ஓடு ஒன்று விலகி அடுக்களையில் சொட்டியது, அப்பாவே ஏறிச் சரிசெய்தார், இறங்கத் தெரியாமல் பக்கத்து வீட்டு ஷாஃபி வந்து இறக்கிவிட்டான். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வீட்டில் சீனி போடாத சாயா கொடுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஆனால் வெலிங்டன் தீவில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிற இடத்தில் என்ன குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா. அவருக்கு இந்த வருஷம் ஒரு பெரிய குறை. வருஷா வருஷம் வைகாசி பிறந்தால் ஆவுடை வீட்டுக்காரர், உன் முத்துராமலிங்கம் சித்தப்பா, ஊரிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், காலையில் எர்ணாகுளத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிற முக்கில் போய் நிற்பார், சாயங்காலம் சிமெண்டுத் தலையோடு வந்து நம் முன்னறையில் பாய் விரித்துப் படுப்பார், புரட்டாசியில் ஊர் திரும்புவார். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே இப்படித்தான். இந்த வருஷம் அவர் வரவில்லை. பாய் சுருட்டினபடியே மூலையில் நிற்கிறது. அப்பா சீட்டு விளையாட ஆளில்லாமல் என்னோடு விளையாட உட்கார்ந்து, தோற்றதும் எழுந்து போய்விடுகிறார்.

சித்தப்பா ஏன் வருஷம் தவறாமல் வந்தார் என்று நீ யோசித்திருக்க மாட்டாய், உனக்கு அவர் வாங்கி வருகிற சேவு மட்டும்தான் கணக்கு. விளாத்திகுளம் பக்கம் நம்முடையது கரிசல் காடு, மழையை நம்பின வெள்ளாமை. புரட்டாசியில் மிளகாய் விதைக்க வேண்டும், உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் அப்போது கையில் காசிருக்காது. கமிஷன் கடைக்காரர் முன்பணம் கொடுப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், சித்திக்குப் பிரசவம் சிக்கலானபோது கார் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் முன்பணம் வாங்கினால் மிளகாய் வத்தல் அவர் கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் பறித்துக் காய்ந்த கையோடு போக வேண்டும். மாசி பங்குனியில் ஊர் வத்தலெல்லாம் ஒரே நேரத்தில் சந்தையில் வந்து விழும், விலை தரையில் கிடக்கும், அந்த விலைக்குத்தான் அவர் எடுப்பார். மூட்டைக்கு மூட்டை கையை உள்ளே விட்டு ஒரு அள்ளு 'சாம்பிள்' என்று எடுத்துப் போட்டுக்கொள்வார், அது எடையில் வராது. நாலு மாசம் கழித்து அதே வத்தல் விலை ஏறும்போது நம்மிடம் ஒரு வத்தல் இருக்காது. மிச்சம் நின்றதை வைத்து வீடு ஓடாது, அதனால் சித்தப்பா கொச்சிக்கு வருவார். எங்கள் அய்யா காலத்திலிருந்து இதுதான், இப்படித்தான் விவசாயம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நானும் அப்பாவும் நிலத்தைச் சித்திக்கு விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்ததும் இதனால்தான்.

போன வருஷம் ஆடியில் ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்களும் ஒரு தம்பியும் வந்தார்கள். வீட்டுக்கு வீடு பணம் தருகிறோம், வீட்டுப் பெண்பிள்ளை பேரில் பாங்கியில் விழும், ஒரு தடவைதான், திருப்பித் தரவேண்டாம், எதற்குச் செலவழித்தீர்கள் என்று கணக்கும் காட்டவேண்டாம் என்றார்கள். ஊரே மிரண்டுவிட்டது. மதம் மாற்ற வந்தவர்கள் என்றது ஒரு கூட்டம். காற்றாலைக்காரன் நிலத்தை எழுதி வாங்க அனுப்பிய ஆட்கள் என்றது இன்னொரு கூட்டம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கிட்னியை எடுத்துவிடுவார்கள் என்று ஒருத்தர் அடித்துச் சொன்னாராம். சித்தி எனக்கு ஃபோன் போட்டாள். நானும் என் பங்குக்கு, எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சத்தம் போட்டேன். உன் அப்பா ஒரு படி மேலே போய், சும்மா காசு கொடுத்தால் சகலை குடித்தே தீர்த்துவிடுவார் என்றார். புரட்டாசியில் சித்தப்பா இங்கிருந்து ஊர் திரும்பின சமயம், ஒரு நாள் காலையில் சித்தி ஃபோனில் பணம் விழுந்ததாகச் செய்தி வந்தது. ஒரு வருஷ வெள்ளாமைச் செலவுக்குக் காணும், மேலே கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவு பணம். அவள் நம்பவில்லை. விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறிப் போய், நூறு ரூபாய் மட்டும் எடுத்துப் பார்த்தாளாம். வந்தது. உடனே அந்த நூறு ரூபாயைத் திரும்பக் கணக்கில் போடக் கவுண்டரில் போய் நின்றாளாம். காசாளர் தலையில் அடித்துக்கொண்டார் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

சித்தப்பா குடித்தாரா என்று கேட்பாய். குடித்தார், ஒரு நாள். மறைக்கமாட்டேன். மறுநாள் சித்தி பாஸ்புக்கை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, இதை வைத்து இந்த வருஷம் கமிஷன் கடைக்குப் போகாமல் விதைக்கலாமா, இல்லை அடுத்த வருஷமும் நீர் கொச்சிக்கே போகிறீரா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவர் அன்றைக்கே டிராக்டருக்குச் சொல்லப் போய்விட்டார். சித்தி அந்தப் பணத்தில் முதலில் செய்த செலவு என்ன தெரியுமா? பல். இரண்டு வருஷமாக ஒரு பக்கத்துக் கடைவாயில் மெல்லாமல் இருந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை, கோவில்பட்டிக்குப் போய் அதைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தாள். எந்த அரசாங்கம், எந்தச் சங்கம் ஏழைக்குப் பல்வலிக்கென்று பணம் கொடுத்திருக்கிறது? கையில் காசாகக் கொடுத்ததால் அவளுக்கு எது வலிக்கிறதோ அதற்குச் செலவழித்தாள். பிறகு விதை, உரம், ஒரு பெரிய தார்ப்பாய். கமிஷன் கடைக்காரர் சந்தையில் பார்த்து, "என்ன ஆவுடை, கடையை மறந்துட்டியே" என்றிருக்கிறார். "இந்தத் தடவ வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு வரியை என்னிடம் ஃபோனில் எத்தனை தடவை சொல்லிக் காட்டினாள் என்று நினைக்கிறாய், ஒவ்வொரு தடவையும் குரலை ஒரு மாதிரி வைத்து.

மழையும் மோசம் செய்யவில்லை. மாசியில் பறித்தார்கள், காய வைத்தார்கள், வீடு நிறைய வத்தல் மூட்டை. எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக வத்தலை விற்காமல் வைத்திருந்தார்கள். ஆனிக்கு மேல் விலை ஏறும், அதுவரை வைத்திருப்போம் என்று முடிவு. மூட்டைகளையெல்லாம் கட்டிலில் அடுக்கிவிட்டு மனுஷர்கள் தரையில் படுத்தார்கள், வீட்டுக்குள் யார் வந்தாலும் தும்மிக்கொண்டே பேசினார்கள். சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் நான் ரஷீது முதலாளி மில்லில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறேன், சித்தி ஃபோன். ஊருக்கே கேட்கிற மாதிரி ஃபோன் பேசுகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். "யக்கா, மூட்டைக்குள்ள கைய விட்டேன், சுடுது" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கட்டும்போது தண்ணீர் தெளித்தீர்களா என்று கேட்டேன். "தெளிக்காம எப்பிடிக்கா மிதிக்கிறது?" என்றாள். அவள் கேட்டதும் சரிதான். வத்தலைக் காய்ந்தபடியே சாக்கில் போட்டு மிதித்தால் நொறுங்கிவிடும், அதனால் மேலாகக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, காலால் மிதித்து இறுக்கிக் கட்டுவதுதான் ஊர்ப்பழக்கம், எங்கள் அம்மா அப்படித்தான் கட்டினாள், நானும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன். கட்டின மறுநாள் அது கடைக்குப் போய்விடும், அப்புறம் என்ன ஆனது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விற்காமல் வைத்திருக்க வசதி வந்துவிட்டது, வைத்திருப்பது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் உள்ளேயே நின்று வத்தலைப் புழுக்கி நடுவில் பூசணம் பிடிக்க வைத்துவிட்டது.

சங்கரி, எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. அத்தனை மூட்டையும் போய்விட்டால் பணம் கொடுத்தவர்களும் சிரிப்பார்கள், பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் சிரிப்பார்கள், சித்தப்பா மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, ஊரில் பலரும் செய்கிறதுதான். "நல்லத மூட்டை வாயில வையி, கெட்டத நடுவுல போட்டுக் கட்டு, நாளைக்கே கடையில தள்ளிருவோம், எவனுக்குத் தெரியப்போவுது" என்றிருக்கிறார். சித்தி, "எங்க அக்காளுக்குத் தெரியும்" என்றாளாம். "அந்த மூட்டை எங்கயாவது போயி பிரியும்லா, பிரிக்கிற இடத்துல எங்க அக்கா மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா" என்றாளாம். இதைச் சித்தப்பாவே பிறகு எனக்குச் சொன்னார். எத்தனையோ வருஷமாக நான் இந்த மில்லில் மூட்டை பிரிக்கிறேன், வாயில் சிவப்பாகச் சிரித்துக்கொண்டு நடுவில் கறுத்துக் கிடக்கிற வத்தலை அள்ளிக் கொட்டி, அந்தப் பூசணத் தூசியில் இருமி இருமி, இதைக் கட்டின கை விளங்குமா என்று முகம் தெரியாத பெண்களை ஏசியிருக்கிறேன். நீ சின்ன வயதில் என் இருமலுக்குப் பயந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த இருமல். அதைச் சித்தி மறக்கவில்லை. முன்பு போலக் கமிஷன் கடைக் கடன் தலைக்கு மேல் நின்றிருந்தால் அவளால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது, அந்த வாரமே தள்ளித்தான் ஆகவேண்டும். இந்த வருஷம் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை, அதனால் சொல்ல முடிந்தது. அந்த நிறுவனத்தார் கொடுத்த பணத்தின் பலன் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

அத்தனை மூட்டையையும் அவிழ்த்துக் களத்தில் கொட்டினார்கள். வெயிலும் இருந்தது, கோடை மழையும் மிரட்டியது, மேகம் திரண்டால் தார்ப்பாயைப் போர்த்துவதும் வெளுத்தால் இழுப்பதுமாக ஒரு வாரம். ஊர்ப் பெண்கள் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். மற்ற வருஷமாக இருந்தால் அந்த நேரத்தில் விறகைச் சுட்டுக் கரியாக்கிற கரிமூட்டம் போடப் பாதிப் பேர் வெளியூர் போயிருப்பார்கள், இந்த வருஷம் அவர்கள் கையிலும் கொஞ்சம் இருந்ததால் ஊரில் இருந்தார்கள். கெட்டதைச் சித்தப்பா தீ வைத்துக் கொளுத்தப் போய்விட்டார், அதற்குள் யாரோ ஓடிவந்து தடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மிளகாய்ப் புகையில் ஊரே காலியாகியிருக்கும். குழி வெட்டிப் புதைத்தார்கள். கால்வாசிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை நான் ஃபோனில் சொல்லச் சொல்லக் கட்டினார்கள், தண்ணீர் தெளிக்காதே, மிதிக்காதே, தளரப் போடு, சாக்கு கூடச் செலவானால் ஆகட்டும், தரையில் வைக்காமல் பலகை மேல் வை என்றேன். சித்தி மூட்டைக்குள் கை விட்டுப் பார்க்கிறதை மட்டும் விடவில்லை, காலையில் எழுந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறதுபோல் ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவாளாம்.

ஆடியில் விலை ஏறியது. நான் ரஷீது முதலாளியிடம் ஒரு கை வத்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன், யாருடையது என்று சொல்லவில்லை. அவர் ஒன்றை ஒடித்து முகர்ந்தார், விதையை நாக்கில் வைத்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. "பேச்சியக்கா, இது நல்ல உசிருள்ள சரக்காக்கும், ஏது மண்டியில உள்ளது?" என்றார். மண்டியில் உள்ளதில்லை, எங்கள் வீட்டில் உள்ளது என்றேன். எங்கள் வீட்டுச் சரக்கு என்று விலையைக் கூட்டித் தரவில்லை, நானும் கேட்கவில்லை, எர்ணாகுளம் பிராட்வே சந்தையில் என்ன விலை போகிறதோ அதற்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கோவில்பட்டியிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த லாரியில் மூட்டைகள் வந்தன. சித்தி ரயிலில் வந்தாள். அவளுக்கு இது கொச்சிக்கு முதல் தடவை, புதுச்செருப்பு காலைக் கடிக்கக் கடிக்க வந்திருந்தாள். யூதர் தெரு, ஜூ டவுன் வழியாகக் கூட்டிப் போனேன், பழைய சாமான் கடையில் ஒரு அம்மிக்கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்து, நம் வீட்டுப் பின்னால் கிடப்பதை லாரியில் போட்டு வந்திருக்கலாமே என்று நடுத்தெருவில் நின்று சிரித்தாள். கையால் வாயை மூடாமல், பல் தெரியச் சிரித்தாள். மில்லில் ரஷீது முதலாளி, "இரிங்க, இரிங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். நான் இத்தனை வருஷமாகச் சாக்கில் உட்காருகிற அதே இடத்துக்கு எதிரில் என் தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். எடை போடும்போது முதலாளி பழக்கத்தில் ஒரு அள்ளு எடுத்து மேசை மேல் வைத்தார். சித்தி எழுந்துவிட்டாள். "அதுவும் எடையில சேரணும் பாத்துக்கிடுங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. முதலாளி அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், சிரித்துக்கொண்டே அதை அள்ளித் தராசில் போட்டார். மறுநாள் சித்தி ஊருக்குப் போனபிறகு அந்த மூட்டைகளைப் பிரித்தது நான்தான். வாய் நன்றாக இருந்தது, நடு நன்றாக இருந்தது, அடி நன்றாக இருந்தது. பொறுக்கித் தள்ள ஒன்றுமில்லை. இருமல் வராமலே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவளிடம் காரம் என்று சொன்னேன்.

அந்த நிறுவனத்துப் பணம் இந்த வருஷம் கிடையாது, ஒரு தடவைதான் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். வருகிற புரட்டாசிக்கு உழவும் விதையும் சித்தியின் சொந்தப் பணம். கால்வாசி மண்ணுக்குள் போனபிறகும் அவள் கையில் நிற்கிறது. பொட்டலத்தில் இருப்பது அவள் வத்தல்தான், ரஷீது முதலாளி மில்லிலேயே அரைத்தது, நீ போடுகிற அளவில் பாதி போடு, சாப்பிட்டுவிட்டு என்னைத் திட்டாதே.

இப்போது கவருக்கு வருகிறேன். நீ மாசா மாசம் அனுப்புகிற பணத்தில் வீட்டுக் கடன் போன தையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ அனுப்பினதில் உனக்கு வளையல் செய்யலாம் என்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். அதைத்தான் ரஷீது முதலாளியிடம் கொடுத்து, அவர் முறைப்படி ஈரோவாக மாற்றித் தந்ததைக் கவரில் வைத்து அஃப்னா கையில் கொடுத்திருக்கிறேன். சிக்கனமாக இருந்தால் மூன்று மாசத்துக்குக் காணும் என்று அஃப்னா சொல்கிறாள். பிள்ளை அனுப்பின காசைப் பிள்ளைக்கே திருப்பி அனுப்புகிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் உன் அப்பா. பிறகு அவரே போய்ச் சீட்டுக்கட்டுக்கு அடியில் பதுக்கி வைத்திருந்த கொஞ்சம் பணத்தையும் கொண்டுவந்து வைத்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். இது கடனில்லை. எதற்குச் செலவழித்தாய் என்று நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். இதை வைத்துக்கொண்டு கையெழுத்தே போட்டாலும் போடு, அது உன் இஷ்டம், அங்கே இருக்கிற கிழவர் கிழவிகளை விட்டுவர உனக்கு மனமில்லாமல்கூட இருக்கலாம். ஆனால் கையில் ஒன்றுமில்லை என்பதற்காக மட்டும் போடாதே. அடுத்த மூன்று மாசம் எங்களுக்குப் பணம் அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், என்னைத் தெரியுமல்லவா. உன்னைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, சந்தேகம் இல்லை. ஆவுடை தராசுக்கு முன்னால் எழுந்து நின்றபோது எனக்கு வேர்த்ததே, அதில் பாதி பயம், பாதி பெருமை, இவள் என் தங்கச்சி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உன்னைச் சொல்லிச் சொல்லி நான் ஏற்கெனவே இந்தத் தெருவை அலுக்க வைத்துவிட்டேன். இன்னும் அலுக்க வைக்க எனக்குத் தெம்பிருக்கிறது.

நல்லபடியாகச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து வந்தால் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கு, இடுப்பு வலிக்கு அஃப்னாவிடம் தைலம் கொடுத்திருக்கிறேன். அப்பா உன் தலையில் கை வைத்ததாகச் சொல்லச் சொன்னார், சித்தியும் சித்தப்பாவும் ஆசீர்வாதம் சொன்னார்கள், குலசாமி உனக்குத் துணையிருக்கும். மறக்காதே, அந்த இல்லத்துக்காரர்கள் காகிதத்தை நீட்டும்போது அவசரப்படாமல் உன் சித்தியைப்போல் முதலில் உள்ளே கையை விட்டுப் பார். சுட்டதென்றால் கட்டி வைக்காதே, அவிழ்த்துக் கொட்டிவிடு அம்மா.

இப்படிக்கு,
மூட்டை பிரித்தே பழகின உன் அம்மா,
பேச்சியம்மாள்